ஏற்காடு ஏறினா தொப்பை இறங்குமா? – விவாத இழை

கேள்வி: கன்னங்குறிச்சி வாசகர், 2 மார்ச் 2025, காலை

வயசு 48. உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ. தினமும் மூக்கனேரிக் கரையில ஒரு மணி நேரம் நடக்கறேன். ஒரு வருஷமா முள்ளு அசையல. ஞாயித்துக்கிழமைல அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறலாம்னு ஒரு யோசனை. தொப்பை இறங்குமா? சாயந்தரம் தட்டுவடை செட்டை மட்டும் விடச் சொல்லாதீங்க.

பட்டறைக்காரர், 2 மார்ச், இரவு

இறங்காதுங்க. கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.

சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1500ஐ ஒட்டி. டவுன்ல இருந்தே கிளம்புறீங்கன்னு தாராளமா வச்சுக்குவோம். 81 கிலோவை 1200 மீட்டர் மேல தூக்கிட்டுப் போகணும். அந்த வேலைக்கு 230 கலோரி போதும். ஆனா உடம்பு எரிக்கறதுல ஏறக்குறைய கால்வாசிதான் வேலையா மாறுது, மீதி சூடாப் போயிடுது. அதனால நாலால பெருக்கினா 900 சொச்சம். ரோட்டுத் தூரம் ஒரு 30 கிலோமீட்டர், அதை நடக்கறதுக்கு இன்னொரு 1200. ஆக மொத்தம் 2100. ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல இருக்கறது 7700 கலோரி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்சா கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல கரையும். அதுவும் ஏரிக்கரையில மிளகா பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பாம இருந்தா.

வாரம் ஒரு நாள் அந்தப் பாடு படுவீங்க, மீதி ஆறு நாள் கால் வலி. உங்க மூக்கனேரி நடை ஒரு மணி நேரம்னா 5 கிலோமீட்டர், சும்மா உக்காந்திருக்கறதை விட 200 கலோரி கூட. அவ்வளவுதான். அதுக்கு எதிர்த் தட்டுல என்ன விழுதுன்னு பாக்கணும்.

(கலோரின்னு எழுதறது எல்லாம் கிலோ கலோரி. ஊர்ல எல்லாரும் சொல்ற மாதிரியே சொல்றேன்.)

3 மார்ச்

விடச் சொல்லாதீங்கன்னீங்க. சொல்லல. ஆனா எடை போட்டுட்டேன்.

நமக்கு சிவதாபுரத்துல வெள்ளிக் கொலுசு பட்டறை. பட்டறைத் தராசு மில்லிகிராம் வரைக்கும் காட்டும், கொசு உக்காந்தாலும் எண் மாறும். நேத்து சாயந்தரம் ஒரு செட் வாங்கிட்டு வந்து, வெங்காயம், காரட், பீட்ரூட் எல்லாம் ஒதுக்கி, சட்னியைத் துடைச்சுட்டு வெறும் தட்டையை மட்டும் ஒண்ணொண்ணா வச்சேன். பசங்க வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்தாங்க. ஒரு தட்டை ஆறு கிராமும் சொச்சமும். ஒரு செட்டுல அஞ்சு ஜோடி, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பத்துத் தட்டை. 64 கிராம். அரிசி மாவு எண்ணெயில பொரிஞ்சா 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி வரும். ஆக 320.

காலையில 200 செலவு, சாயந்தரம் 320 வரவு. முள்ளு ஏன் அசையலன்னு கேக்கறீங்க. ஏறாம நிக்குதே, அதுக்கே நடைக்கு நன்றி சொல்லணும்.

நடுவுல வைக்கற காரட், பீட்ரூட், வெங்காயத்துக்கு நான் எதிரி இல்ல. கடைக்காரர் கிட்ட 'தட்டை நாலு போதும், காய் நிறைய வைங்கண்ணா'ன்னா வச்சுத் தர்றாங்க. என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிக்கறாங்க, அது தனி.

3 மார்ச், கொஞ்சம் கழிச்சு

'அப்ப நொறுக்கல் தின்னலாமா'ன்னு செவ்வாய்பேட்டைக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். அது அதே தட்டுவடையை நொறுக்கினதுங்க. நொறுக்கினா கலோரி உதிர்ந்துடாது.

9 மார்ச்

நம்ம கன்னங்குறிச்சி அண்ணன் மூணு வேளை என்ன சாப்பிடறார்னு கேட்டேன், எழுதி அனுப்பிச்சார். காலையில இட்லி நாலு, சாம்பார். மத்தியானம் சோறு, குழம்பு, ரசம், கொஞ்சம் மோர், உருளைக்கிழங்கு பொரியல். சாயந்தரம் செட், டீ. ராத்திரி தோசை மூணு, சட்னி. சேலத்துல கதவைத் தட்டிப் பாத்தா பத்துக்கு எட்டு வீட்டுல இதே பட்டியல்தான் வரும், எங்க வீடும் சேத்து.

இதுல கொழுப்பை விட எனக்கு உறுத்தறது புரதம். இட்லிக்கு ரெண்டு கிராம்னு வைங்க, நாலுக்கு எட்டு. சாம்பார்ல பருப்பு எங்க இருக்கு? கரண்டியால தேடணும். சோத்துல எட்டு, மோர்ல ரெண்டு மூணு, தோசையில ஏழெட்டு. எப்படிக் கூட்டினாலும் 40ஐத் தொட்டா அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல போட்ட கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆளுக்கே 54 கிராம் வேணும்.

புரதம் குறைஞ்சா என்ன ஆகும்? பசி அடங்காது. நாலு மணிக்கு வயிறு செட் கேக்கறதுக்கு நாக்கு மட்டும் காரணம் இல்ல, மத்தியானம் சாப்பிட்டது நிக்கல. வயசாக வயசாக சதையும் கரையும்.

பவுடர் டப்பா வாங்க ஓடாதீங்க. பக்கத்துல நாமக்கல்லை வச்சுக்கிட்டு முட்டைக்குப் பஞ்சமா? ஒண்ணுல 6 கிராம். சைவம்னா வேர்க்கடலை 100க்கு 25, கொள்ளு 22, பச்சைப்பயறு 24, கொண்டைக்கடலை 20. எல்லாம் ஊற வைக்காத எடை. மத்தியானம் சோத்துல ஒரு கரண்டியைக் குறைச்சுட்டு ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல். கொள்ளு ரசம்னா மேல இருக்கற தண்ணியை மட்டும் ஊத்திக்கிட்டு 'கொள்ளு சாப்பிட்டேன்'ங்கறது இல்ல. அடியில கிடக்கற கொள்ளைத் தின்னணும்.

சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க இந்தக் குறிப்பை அப்படியே எடுத்துக்காதீங்க. அவங்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்லணும்.

10 மார்ச்

நேத்து எழுதினதுக்கு ஒரு ஒட்டு. 2024ல அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில 2000 கலோரிக்காரருக்கு ஒரு நாள் தட்டு போட்டிருக்காங்க. தானியம் 250 கிராம், பருப்பு முட்டை கறி மீன் வகையில 85, காய்கறி 400, பழம் 100, கொட்டை எண்ணெய் வித்து 35, எண்ணெய் 27, பால் தயிர் 300 மில்லி. 250 கிராம்னதும் ஒருத்தர் 'அவ்வளவு சோறுதானா'ன்னு பதறிட்டார். அது சமைக்காத எடை, சோறா ஆனா ரெண்டரை மடங்குக்கு மேல போகும். ஆனா இட்லி மாவு, தோசை மாவு, தட்டுவடை மாவு எல்லாமே அந்த 250க்குள்ளதான். ராத்திரி தோசைக்கு வேற கோட்டா கிடையாது.

காய்கறி 400ஐப் பாத்தீங்களா? உருளைக்கிழங்கை அதுல எழுதாதீங்க. நம்ம ஊர் குச்சிக்கிழங்கையும் (மரவள்ளி).

16 மார்ச்

ரெண்டாவது யோசனை. முதல் நாள் எழுதினதைப் படிச்சா நடையே வேஸ்ட்டுன்னு நான் சொன்ன மாதிரி இருக்கு. ஒருத்தர் நடையை நிறுத்திட்டேன்னே எழுதிட்டார். நிறுத்தாதீங்க சாமி.

எடைக்கு நடை சுமார்தான். ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துக்கு, தூக்கத்துக்கு, முக்கியமா சர்க்கரைக்கு நடை பெரிய மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம், மூச்சு லேசா வாங்கற வேகத்துல. பேச முடியணும், பாட முடியக் கூடாது.

எனக்கு மூணு மாச சர்க்கரை (HbA1c, மூணு மாசத்துச் சராசரி) 6.2. 5.7க்கு மேல போனா எச்சரிக்கை, 6.5 தொட்டா சர்க்கரை நோய். நடுவுல நிக்கறேன். பட்டறை வேலைன்னா காலை மடக்கி உக்காந்தா மத்தியானம்தான் எழுந்திருப்போம், திரும்ப உக்காந்தா ராத்திரி. அதனால வீட்டுல குளுக்கோமீட்டர் வச்சு ஒரு வேலை பண்ணிப் பாத்தேன். அதே சோறு, அதே அளவு, அதே சாம்பார். சாப்பிட்டு உக்காந்துட்ட அன்னிக்கு ஒரு மணி நேரம் கழிச்சு 171. சாப்பிட்ட கையோட தெருவுல கால் மணி நேரம் நடந்துட்டு வந்த அன்னிக்கு 146.

மாயம் ஒண்ணும் இல்ல. தொடைச் சதை வேலை செய்யறப்ப இன்சுலின் வந்து கதவைத் திறக்கணும்னு காத்திருக்காம ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அதுவே இழுத்துக்கும். அதனால கன்னங்குறிச்சி அண்ணனுக்கு என் யோசனை: காலையில ஒரு மணி நேரத்தை அரை மணி ஆக்குங்க. மிச்ச அரை மணியை மத்தியானச் சோத்துக்கும் ராத்திரி தோசைக்கும் பின்னால கால் கால் மணியாப் போடுங்க. மார்ச் வெயில்ல மத்தியானம் சேலத்துல எங்க நடக்கறதுன்னு திட்டாதீங்க. ஆபீஸ் வராந்தா போதும், மாடிப்படி போதும்.

சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடறவங்க இதைப் புதுசா ஆரம்பிச்சா தாழ்சர்க்கரை வரலாம், பாக்கெட்டுல மிட்டாய் இருக்கட்டும்.

23 மார்ச்

நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலி, சுவத்துல ஒட்டிப் போடுங்க. கையை நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கிட்டு 30 வினாடிக்குள்ள எத்தனை தடவை முழுசா எழுந்து உக்காருவீங்க? 60ல இருந்து 64 வயசு ஆம்பளைக்கு 14, பொம்பளைக்கு 12, அதுக்குக் கீழ போனா கால்ல பலம் குறைச்சல்னு கணக்கு. பட்டறையில எல்லாரையும் பண்ண வச்சேன். முப்பது வயசுப் பையன் ஒருத்தன் 12ல மூச்சு வாங்கிட்டான். எங்க அப்பத்தா பயறு மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு சந்தைக்குப் போனவங்க.

முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் சதை கழியுது, வேலை கொடுக்காம விட்டா. நடை அதைத் தடுக்காது. வாரத்துக்கு ரெண்டு நாளாவது சதைக்குப் பாரம் கொடுக்கணும். அதுக்கு மாசம் ஆயிரக்கணக்குல கட்டற ஜிம் தேவையில்ல. பஸ்கி, தண்டால். தண்டால் தரையில வரலையா, சுவத்துல கை ஊணி ஆரம்பிங்க, அப்புறம் திண்ணை, அப்புறம் தரை. பஸ்கிக்கு முழுசா உக்கார முட்டி விடலைன்னா நாற்காலி வரைக்கும் இறங்கினா போதும். ரெண்டு அஞ்சு லிட்டர் தண்ணி கேனைக் கையில பிடிச்சுக்கிட்டு மாடி ஏறுங்க. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும், அதுதான் அளவு.

குமரகிரி மலைக்கோயில் படி பக்கத்துல இருக்கற அம்மாபேட்டைக்காரங்களுக்கு சாக்கே இல்ல.

6 ஏப்ரல்

'பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?' இல்ல. 1965ல ஜப்பான்ல அடி எண்ணற கருவி விக்கறதுக்கு வச்ச எண்ணுங்க அது. ஏழெட்டாயிரத்துலயே பலன்ல பெரும்பகுதி வந்துடுது. இப்ப ரெண்டாயிரம் நடக்கறவர் நாலாயிரம் ஆக்கினாலே லாபம்.

தண்ணி எத்தனை லிட்டர்னு கேட்டவருக்கு: மூத்திரம் வெளிர் மஞ்சளா இருக்கா பாருங்க. பட்டறையில அடுப்புப் பக்கம் உக்காந்தவனுக்கும் ஏ.சி. பேங்க்ல உக்காந்தவனுக்கும் ஒரே லிட்டர் எப்படிப் பொருந்தும்?

20 ஏப்ரல்

நாட்டுச் சர்க்கரைக் கோஷ்டி வந்தாச்சு. ஓமலூர்ப் பக்கத்து வெல்லம் எனக்கும் உசிரு. ஆனா 100 கிராம் வெல்லம் 380 கலோரி சொச்சம், வெள்ளைச் சர்க்கரை 400. இரும்பு, தாதுன்னு சொல்ற அளவு கிடைக்கணும்னா கால் கிலோ வெல்லம் தின்னணும், அப்புறம் இரும்பு எதுக்கு. டீயில ரெண்டு கரண்டி போடறவர் நிறத்தை மாத்தி லாபம் இல்ல, கரண்டியை ஒண்ணாக்குங்க.

சிறுதானியமும் அப்படித்தான். கேழ்வரகு நல்லது, 100 கிராம்ல சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல, அரிசி கிட்டயே வராது. நார் கூட. ஆனா மாவுச்சத்து அரிசியை விடக் கொஞ்சம்தான் கம்மி. தலைகாணி சைஸ் களி உருண்டையை முழுங்கிட்டு 'சிறுதானியம்தானே'ன்னா மீட்டர் சிரிக்கும். களிக்குத் தொட்டுக்கறது கீரைக் கடைசலா, பருப்பா, கறிக்குழம்பா? அங்கதான் விஷயம் இருக்கு.

அப்புறம் ஜவ்வரிசி. நாட்டுக்கே நாம அனுப்பறோம், சேகோசர்வ் (ஜவ்வரிசி கூட்டுறவுச் சங்கம்) இங்கதான் இருக்கு, சந்தோஷம். ஆனா கிழங்குல இருந்து மாவை மட்டும் பிழிஞ்சு எடுத்த சரக்கு. 100 கிராம்ல 350 கலோரி, புரதம் பேருக்குக் கூட இல்ல. விரத நாள்ல லேசா இருக்கட்டும்னு ஜவ்வரிசி உப்புமா கிண்டறவங்க வேர்க்கடலையைத் தாராளமாப் போடுங்க.

11 மே

மல்கோவா வந்துடுச்சு. இனி யார் சொல்றதையும் யாரும் கேக்கப் போறதில்ல, நானும் உட்பட.

ஆனாலும் தராசு சும்மா இருக்கல. அரை கிலோ பழத்துல தோலும் கொட்டையும் போக 300 கிராம் சதை. 180 கலோரி, 40 கிராமுக்கு மேல சர்க்கரை. சோத்துக்கு அப்புறம் தின்னா சோத்தோட கூடுது. சோத்துல ஒரு கரண்டிக்கு பதிலாத் தின்னா பரவாயில்ல. நான் பண்றது நாலு மணிக்கு, டீ பலகாரத்துக்கு பதிலா அரைப் பழம், கூட ஒரு பிடி கடலை. ஜூஸ் போடாதீங்க. ஒரு டம்ளருக்கு ரெண்டு பழம் போகும், மெல்லற வேலையும் இல்ல, மேல சர்க்கரை வேற கொட்டுவாங்க.

25 மே

தங்கச்சி ஒருத்தங்க எழுதியிருந்தாங்க: 'அண்ணா, எல்லாம் ஆம்பளைங்க தொப்பையைப் பத்தியே இருக்கு. எனக்கு எடை 46தான், ரெண்டு மாடி ஏறினா படபடன்னு வருது.'

நியாயம். இந்த இழையில நாம பேச மறந்த பாதி ஊரு இது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. அவங்களைப் போய் இன்னும் நட, இன்னும் குறைன்னா என்ன அர்த்தம்? முதல்ல ஹீமோகுளோபின் பாருங்கம்மா. 12க்குக் கீழன்னா மாத்திரை என்ன அளவுன்னு டாக்டர் சொல்லட்டும்.

சாப்பாட்டுல ஒரே ஒரு பழக்கம் மாத்தினா பெரிய உதவி: சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் விடுங்க. அதுல இருக்கற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. இரும்பு மாத்திரையை டீயோட முழுங்கறவங்களை எங்க வீட்டுலயே பாத்திருக்கேன். கீரையோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேந்தா இரும்பு கூடுதலா ஏறும். கறி, ஈரல் சாப்பிடறவங்களுக்கு இன்னும் சுலபம்.

வீட்டுல எல்லாருக்கும் முட்டை வச்சுட்டு தனக்குக் குழம்பு மட்டும் ஊத்திக்கறது தியாகம் இல்லம்மா, அந்த ஒரு முட்டையைத் தட்டுல வச்சுட்டு உக்காருங்க.

8 ஜூன்

கன்னங்குறிச்சி அண்ணன் திரும்ப வந்தார். எடை 81ல இருந்து 79தான். 'மூணு மாசத்துல ரெண்டு கிலோவா'ன்னு சலிச்சுக்கறார். இடுப்பை அளந்தீங்களான்னு கேட்டேன். தொப்புள் மட்டத்துல 101 செ.மீ. இருந்தது 96. அண்ணா, அதுதான் முக்கியம். நம்ம நாட்டு ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா குடலைச் சுத்திக் கொழுப்புன்னு அர்த்தம். பஸ்கியால சதை கூடி, உள்ள கொழுப்பு குறைஞ்சா முள்ளு பாதியைத்தான் காட்டும். துணி அளக்கற டேப் இருக்கே, அதை நம்புங்க.

மலை ஆசை இன்னும் போகலையாம். சரி, இப்பப் போகலாம், எடைக்காக இல்ல, ஆசைக்காக. ஆனா ஏத்தம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். இறங்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் தொடைச் சதை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்கணும், மறுநாள் படியில உக்கார விடாது. முதல் தடவை பாதி வரைக்கும் ஏறிட்டு பஸ்ல இறங்கிடுங்க. காட்டுப் பாதைன்னா வனத்துறை அனுமதி இல்லாம நுழையாதீங்க. ஏறறப்ப நெஞ்சு அழுத்தினாலோ இடது கை, தாடை வலிச்சாலோ 'வாயு'ன்னு இஞ்சி மென்னுக்கிட்டு நிக்காம 108க்கு அடிங்க. 48 வயசுல முன்னாடியே ஒரு இ.சி.ஜி., பிரஷர் பாத்துட்டுப் போனா இன்னும் உத்தமம்.

15 ஜூன்

'வெறும் வயித்துல சர்க்கரை 96, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதானே?' நாலு பேர் இதையே கேட்டுட்டாங்க, சேத்து எழுதறேன்.

வெறும் வயித்துக் கணக்கு மட்டும் போதாது. நம்ம சோத்துக்கு முதல்ல எகிறறது சாப்பிட்டப்புறம் வர்ற சர்க்கரை, ரெண்டு மணி நேரம் கழிச்சு 140க்குள்ள இருக்கணும். கூட மூணு மாச சர்க்கரை. கொழுப்புப் பட்டியல்ல மொத்தக் கொழுப்பைப் பாத்துட்டு மூடாதீங்க. ட்ரைகிளிசரைடு 150க்கு மேலயா, நல்ல கொழுப்பு ஆம்பளைக்கு 40க்குக் கீழயான்னு பாருங்க, மாவு அதிகமாத் தின்னற ஊருக்கு இது ரெண்டும்தான் முதல்ல கெடும். புரதத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ஒரு தடவை.

மே மாசம் எழுதின தங்கச்சிக்கும் இதுல ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு ஹீமோகுளோபின் 9.4 வந்திருக்கு, மூணு மாச சர்க்கரை 6.0ன்னு பயந்து போய் அனுப்பியிருக்காங்க. இரும்புக் குறைவால வர்ற சோகையில அந்த எண் உள்ளதை விடக் கூடுதலாக் காட்டலாம்மா. முதல்ல சோகையைச் சரி பண்ணிட்டு, சில மாசம் கழிச்சுத் திரும்ப எடுங்க. அதுவரைக்கும் வெறும் வயிறு, சாப்பிட்டப்புறம்னு ரெண்டையும் வச்சு டாக்டரைப் பாருங்க. சோத்தைக் குறைக்க ஆரம்பிச்சுடாதீங்க, 46 கிலோவுல குறைக்க ஒண்ணும் இல்ல.